ஸ்பெஷல் தவிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "ஐயா காலத்து இசைத்தட்டுகளும் அப்பச்சி வாங்கிச் சேர்த்த கேசட்டுகளும் வீட்டில் ஐந்நூறுக்கு மேல் கிடக்கின்றன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பட்டியல் போடுகிறோம். நானும் அத்தை மகனும் மாற்றி மாற்றி எழுதியதில் ஒரே தவில் வித்வான் ஆறு பெயரில் வந்துவிட்டார். விருந்தினராக வந்து வாசித்தவர் பெயரை நான் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டேன். அவன் கலைஞர் கட்டத்தில் போட்டான். எது சரி? எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க என்ன வழி?"

தம்பி, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் தலைப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். விருந்தினர் பெயர் கலைஞர் கட்டத்துக்குப் போக வேண்டும். ஆக, உங்கள் அத்தை மகன் செய்ததுதான் சரி. ஆனால் அதோடு வேலை முடியாது. உறையில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பது ஒரு செய்தி. யார் எதை வாசித்தார் என்பது இன்னொரு செய்தி. இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிப்பதால்தான் இத்தனை குழப்பம். இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள், பாதிச் சிக்கல் விலகிவிடும். மீதிப் பாதி பெயர்களில் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

காரைக்குடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கேசட் கடை இருந்தது. கடையை மூடியபோது மிஞ்சிய சரக்கைத்தான் நான் முதலில் பட்டியல் போட்டேன். பிறகு மியூசிக்பிரெய்ன்ஸ் என்கிற பொதுத் தரவுத்தளத்தில் தமிழ்ப் பதிவுகளைச் சேர்க்க ஆரம்பித்து, இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் மாட்டியிருக்கும் இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன்.

ஒரு கேசட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நாதஸ்வரக் கேசட். உறையின் முகப்பில் வித்வானின் படம், பக்கத்தில் நாயனம் சாய்த்து வைத்தபடி. பெயர் பெரிய எழுத்தில், முன்னால் பட்டங்கள் இரண்டு வரிக்கு. அதற்குக் கீழே, அதைவிடச் சிறிய ஆனால் தடித்த எழுத்தில் "ஸ்பெஷல் தவில்" என்று போட்டு இன்னொரு பெயர். உறையை மடிப்பு விரித்து உள்ளே பார்த்தால் கீர்த்தனைகளின் பட்டியல், ராகம், தாளம், இயற்றியவர். கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் இடம் போதாது. அங்கே நாதஸ்வரக்காரர் பெயர் மட்டும், அதுவும் இனிஷியல் இல்லாமல். சுருதிக்காக ஒத்து ஊதியவர் பெயர் எங்கும் இல்லை. தாளம் போட்டவர் பெயரும் இல்லை.

இந்த ஒரு கேசட்டிலேயே நம் கேள்வி முழுதும் அடங்கியிருக்கிறது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்பது ஒரு செட்டின் வழக்கமான அமைப்பு. அந்தச் செட்டுக்கென்று தவில்காரர்கள் இருக்கும்போதே, வேறு ஊரிலிருந்து பேர்பெற்ற வித்வான் ஒருவரைத் தனியாக வரவழைத்தால் அவர் ஸ்பெஷல் தவில். நம் பக்கம் கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் திருவிழா நோட்டீஸிலும் "சிறப்புத் தவில்" என்று போடுவதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். விருந்தினர் கலைஞர் என்பதற்கு நம்மிடம் இதைவிடப் பழகிய சொல் கிடையாது. மேல்நாட்டுத் தட்டுகளில் "ஃபீச்சரிங்" என்று வருவதன் வேலையும் இதுதான். தட்டு ஒருவருடையது, அதில் இன்னொருவர் வந்து வாசித்திருக்கிறார், வந்தவரை வாங்குபவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும்.

சரி, இதைத் தரவுத்தளத்தில் எப்படி எழுதுவது?

மியூசிக்பிரெய்ன்ஸில் கலைஞர் கிரெடிட், அதாவது கலைஞர் பெயர்க் குறிப்பு, என்பது ஒரே நீளச் சொற்றொடர் அல்ல, பல துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் மூன்று விஷயங்கள் இருக்கும். முதலாவது, அந்த ஆள் யார் என்பதற்கான இணைப்பு. அது ஒரு எண், பெயரே அல்ல. இரண்டாவது, இந்த உறையில் அவர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பது. மூன்றாவது, இந்தப் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் வரும் இணைப்புச் சொல். ஒருவர் பெயர் ஆறு உறையில் ஆறு விதமாக இருக்கலாம், ஆறையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆறும் ஒரே எண்ணைக் காட்டும்வரை அவர் ஒரே ஆள்தான். டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தரவுத்தளத்திலும் இதே ஏற்பாடு உண்டு. உறையில் வேறு மாதிரி பெயர் இருந்தால் அந்த மாதிரியே காட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். சொடுக்கினால் அந்தக் கலைஞரின் பக்கத்துக்குத்தான் போகும்.

நீங்கள் எக்செல் தாளில் எழுதுவதாக இருந்தாலும் இதைச் செய்யலாம். கலைஞர்களுக்கு ஒரு தாள்: ஆளுக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு எண். பதிவுகளுக்கு ஒரு தாள். யார் எந்தப் பதிவில் என்ன செய்தார் என்பதற்கு மூன்றாவது தாள்: பதிவு எண், கலைஞர் எண், வாசித்த வாத்தியம், உறையில் அச்சான பெயர், அப்புறம் அவர் முதன்மைக் கலைஞரா, சிறப்புக் கலைஞரா, பக்கவாத்தியமா என்பது. இந்த மூன்றாவது தாளைப் போடாமல் பல பேர் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

தலைப்பில் ஏன் போடக் கூடாது என்று கேட்பீர்கள். இணையக் கடைகளிலெல்லாம் பாட்டுப் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் வருகிறதே என்பீர்கள். அது காட்சிக்கு வைத்தது. உள்ளே அவர்களும் முதன்மைக் கலைஞர், சிறப்புக் கலைஞர் என்று தனித்தனியாகத்தான் வாங்குகிறார்கள். நம் இசையில் தலைப்பை அழுக்காக்குவதால் இன்னொரு கெடுதலும் உண்டு. ஒரே கீர்த்தனை உங்கள் வீட்டிலேயே இருபது கேசட்டில் இருக்கும். இருபதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதுதான் இந்தப் பட்டியலால் கிடைக்கும் பெரிய சுகம். தலைப்பில் ஒருவர் பெயரைச் சேர்த்த உடனே அந்த ஒன்று மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்கும். தேடும்போது வராது.

இணைப்புச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், தமிழில் இதில் ஒரு பொறி இருக்கிறது. மியூசிக்பிரெய்ன்ஸில் உறையில் எப்படி இருந்தாலும் "ஃபீட்." என்கிற ஒரே சுருக்க வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது வழிகாட்டி. நல்ல விதி. ஆனால் அதைத் தமிழாக்கி நடுவில் "உடன்" என்று போடுகிறார்கள் பலர். நாதஸ்வரக்காரர் பெயர், உடன், தவில்காரர் பெயர். இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் "உடன்" முன்னால் வரும் பெயரோடுதான் ஒட்டும். "மாமாவுடன் தம்பி வந்தான்" என்றால் வந்தவன் தம்பி, மாமா துணை. ஆக, நாதஸ்வரக்காரர் துணைக்கு வந்தவராகவும், தவில்காரர் கச்சேரிக்குரியவராகவும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நம் பத்திரிகைக்காரர்கள் பல காலமாகச் செய்வதையே செய்யுங்கள். முதன்மைக் கலைஞர் பெயர், ஒரு அரைப்புள்ளி, பிறகு "சிறப்புத் தவில்:" என்று போட்டு வந்தவர் பெயர். பாட்டுக்கு வந்தவரானால் "சிறப்புக் குரல்:", வயலினுக்கு வந்தவரானால் "சிறப்பு வயலின்:". உறையில் "ஸ்பெஷல்" என்று இருக்கிறதா, "சிறப்பு" என்று இருக்கிறதா என்று தடுமாற வேண்டாம். இணைப்புச் சொல்லில் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். அச்சான வடிவத்தைப் பெயரில் மட்டும் காப்பாற்றினால் போதும்.

இப்போது கடினமான பகுதி. யார் விருந்தினர்?

பக்கவாத்தியக்காரர் விருந்தினர் இல்லை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. வாய்ப்பாட்டுக் கச்சேரியில் வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா எல்லாம் கச்சேரியின் உடம்பு. அவர்கள் இல்லாமல் கச்சேரி இல்லை. அவர்களை "சிறப்பு" என்று எழுதினால் ஏதோ ஒரு பாட்டுக்கு வந்து போனவர்கள் மாதிரி ஆகிவிடும். விட்டுவிட்டால் அதைவிடப் பாவம். அவர்கள் பெயர் மூன்றாவது தாளில், வாத்தியத்தின் பெயரோடு, ஒவ்வொரு பதிவுக்கும் வர வேண்டும். பார்சலோனாவில் உள்ள பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் காம்ப்மியூசிக் என்ற ஆராய்ச்சித் திட்டத்துக்காகக் கர்நாடக இசைப் பதிவுகளை மியூசிக்பிரெய்ன்ஸில் ஏற்றியபோதும், பாடியவரை முதன்மைக் கலைஞராக வைத்து, பக்கவாத்தியத்தை "இன்னார் இந்த வாத்தியம்" என்ற தனி உறவுகளாகத்தான் இணைத்தார்கள்.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன், 1935-ல் பிறந்தவர், 2008-ல் மறைந்தார். சின்ன வயதிலேயே பாடகர் அரியக்குடி ராமானுஜ அய்யங்காருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். அரியக்குடியும் குன்றக்குடியும் காரைக்குடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் ஊர்கள். அரியக்குடியின் கச்சேரி ஒன்று கிடைத்து, அதில் குன்னக்குடி வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கலைஞர் அரியக்குடி மட்டுமே. குன்னக்குடி அதில் பக்கவாத்தியம். பிற்காலத்தில் அவர் எவ்வளவு பெரிய பெயர் எடுத்தார் என்பதை வைத்து அந்தக் கச்சேரியில் அவரை மேலே தூக்கி வைக்கக் கூடாது. அவர் பெயர் போட்டால் நிறையப் பேர் கேட்பார்கள் என்று இணையத்தில் சிலர் அப்படிச் செய்கிறார்கள், அது பதிவுக்குச் செய்யும் துரோகம். அன்று அந்த மேடையில் அவர் என்னவாக இருந்தாரோ அதுதான் கிரெடிட்.

அதே குன்னக்குடி பிறகு தனி வயலின் கச்சேரிகளுக்கு வந்துவிட்டார். வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியம் தவிலோடு சேர்ந்து அவர் செய்த கச்சேரிகள் ஆயிரக்கணக்கில். வலையப்பட்டியும் நம் பக்கத்து ஊர்தான், பொன்னமராவதிப் பக்கம். 2009-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. இந்த வயலின் தவில் கேசட்டுகளில் தவில் யார்? பக்கவாத்தியமா, சிறப்பா? உறையைப் பாருங்கள். இரண்டு படமும் ஒரே அளவில், இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் இருந்தால் இருவரும் முதன்மைக் கலைஞர்கள். நடுவில் ஒரு காற்புள்ளி போதும், "சிறப்பு" என்ற சொல் வேண்டாம். வயலின் பெயர் பெரிதாகவும், கீழே "ஸ்பெஷல் தவில்" என்றும் இருந்தால் அவர் சிறப்புக் கலைஞர். உள்பக்கத்தில் மிருதங்கம், கடத்தோடு சேர்த்து வரிசையில் தவில் என்று மட்டும் இருந்தால் அந்தக் கேசட்டில் பக்கவாத்தியம். ஒரே இருவர், மூன்று கேசட்டில் மூன்று உறவு. முரண்பாடு என்று நினைத்துத் திருத்த வேண்டியதில்லை. ஒருவர் எந்த நிலையில் வாசித்தார் என்பது அந்தப் பதிவைச் சேர்ந்த செய்தி, அந்த ஆளைச் சேர்ந்ததில்லை. அதனால்தான் கலைஞர்கள் தாளில் "தவில் வித்வான்" என்று எழுதலாம், "சிறப்புக் கலைஞர்" என்று ஒருபோதும் எழுதக் கூடாது.

உறையே இல்லாத வீட்டுப் பதிவுகளில் என்ன செய்வது? அழைப்பிதழில் இருப்பது, கச்சேரியில் அறிவித்தது, இந்த வரிசையில் நம்புங்கள். இரண்டும் இல்லாவிட்டால் எல்லாரையும் வாத்தியப் பெயரோடு எழுதிவிட்டு, சிறப்பு என்ற தகுதியை யாருக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பெயர்களுக்கு வருவோம். உங்கள் ஆறு பெயர் தவில் வித்வானை என்னால் ஊகிக்க முடிகிறது: சுப்பிரமணியம், சுப்ரமணியம், சுப்ரமண்யம், சுப்பிரமணியன், முன்னால் ஊர்ப் பெயரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. அப்படித்தானே? நம் வித்வான்களுக்கு ஊரே பெயர். "அரியக்குடி பாடினார்" என்றால் போதும், மேலே சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஊரை ஏதோ முகவரி மாதிரி வெட்டி எடுத்துவிடாதீர்கள். ஊர், இனிஷியல், பெயர் என்ற வரிசையில் ஒரு முழு வடிவத்தைத் தலையாயதாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மாற்று வடிவங்களாக அதே வரியில் சேருங்கள். ஊர்ப் பெயரே இரண்டு விதமாக வரும் இடமும் உண்டு. ஊர்ப் பலகையில் குன்றக்குடி, வயலின் வித்வான் பெயரில் குன்னக்குடி. அவர் பெயரை "திருத்தி" குன்றக்குடி ஆக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் எப்படி அறியப்பட்டாரோ அதுவே தலையாய வடிவம், இன்னொன்று மாற்று.

ஊரை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு "மணி" ஒருவர் போதும். மிருதங்கம் மணி என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாலக்காடு மணி அய்யரா, 1945-ல் பிறந்து 2023-ல் மறைந்த நம் காரைக்குடி மணியா? மதுரை மணி அய்யர் பாட்டு, பாலக்காடு மணி அய்யர் மிருதங்கம் என்று ஒரே மேடையில் இரண்டு மணி அய்யர்கள் இருந்த கச்சேரிகளும் உண்டு. அதை "மணி அய்யர், மணி அய்யர்" என்று எழுதினால் கணினி இரட்டிப்பு என்று நினைத்து ஒன்றை அழித்துவிடும். காரைக்குடி மணியின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஊர்ப் பெயரில் ஓரிடத்தில் ஒரு எழுத்து, இன்னோரிடத்தில் அதே எழுத்து இரண்டு. தேடும்போது இரண்டும் கிடைக்க வேண்டுமென்றால் இரண்டையும் மாற்று வடிவமாகப் போட்டே ஆக வேண்டும்.

காரைக்குடி சகோதரர்கள் இன்னொரு மாதிரி. சுப்பராம அய்யர், சாம்பசிவ அய்யர் என்ற வீணைச் சகோதரர்கள். "காரைக்குடி சகோதரர்கள்" என்பதற்கு ஒரு குழு வரி, இருவருக்கும் ஆளுக்கு ஒரு வரி, இருவரையும் குழுவோடு இணைக்க உறுப்பினர் குறிப்பு. மொத்தம் மூன்று வரி. அண்ணன் 1936-ல் மறைந்த பிறகு தம்பி தனியாக வாசித்தார், 1952-ல் சங்கீத கலாநிதி பெற்றார். அவருடைய தனிப் பதிவைக் குழுவின் பெயரில் போட்டால் அது தவறான வரலாறு ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சௌந்தரராஜன் என்பதில் "சௌ" ஒரே எழுத்து. ஆனால் தட்டச்சு செய்பவர்கள் பலர் "செ" போட்டு "ள" போடுகிறார்கள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு அவை இரண்டு ஆட்கள். "ஸ்ரீ" என்ற எழுத்துக்கும் யூனிகோடில் இரண்டு வழி உண்டு, ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது ஒன்று. ஸ்ரீநிவாசன், ஸ்ரீரங்கம் என்று நம் பட்டியலில் எத்தனை பெயர்! இனிஷியலுக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதும் அப்படித்தான். நான் இனிஷியல்களை ஒட்டி எழுதி, கடைசிப் புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விடுகிறேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்கும் அத்தை மகனுக்கும் ஒரே முடிவாக இருக்கட்டும்.

உங்கள் ஐயா காலத்து 78 சுழற்சித் தட்டுகளில் சினிமாப் பாட்டு நிறைய இருக்கும். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்துதான் சினிமாவுக்குப் போனார். நாற்பதுகளில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். அங்கே எடுத்து 1947-ல் வெளிவந்த "நாம் இருவர்" படத்தில் பாரதியார் பாட்டுகளைப் பாடியவர் டி.கே. பட்டம்மாள், திரையில் ஆடியவர் குமாரி கமலா, இசை ஆர். சுதர்சனம். அந்தத் தட்டு உங்களிடம் இருந்தால் கலைஞர் பட்டம்மாள்தான். கர்நாடக சங்கீத வித்வாம்சினி சினிமாவுக்கு வந்து பாடினார் என்பதற்காக அவரை விருந்தினர் ஆக்க வேண்டாம், அந்தப் பாட்டே அவருடைய குரல்தான். கமலாவின் பெயரை இசைக் கிரெடிட்டில் சேர்க்க இடமில்லை, குறிப்பில் எழுதலாம். பாரதியாரும் சுதர்சனமும் பாட்டை ஆக்கியவர்கள். அவர்கள் பெயர் பாட்டோடு இணைய வேண்டும், தட்டில் பாடியவர் வரிசையில் இல்லை. இப்போது இணையச் சேவைகளில் இசையமைப்பாளரைத்தான் முதல் கலைஞராகப் போடுகிறார்கள், அதனால் பாடியவரெல்லாம் அவருடைய விருந்தினர் மாதிரி தெரிகிறார்கள். அதைப் பார்த்து உங்கள் பட்டியலை மாற்றாதீர்கள்.

பெயர் அச்சாகாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. 78 தட்டுகள் பலவற்றில் பாடியவர் பெயர் மட்டுமே இருக்கும், வயலினும் மிருதங்கமும் காதில் விழும், பெயர் இராது. கேசட்டில் ஒத்துக்காரர் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் சுருதியைப் பிடித்திருப்பார், அவர் பெயர் ஒரு எழுத்துகூட இருக்காது. பெயர் தெரியாவிட்டால் வரியையே போடாமல் விடுவது எல்லாரும் செய்வது. போடுங்கள். வாத்தியம்: ஒத்து. கலைஞர்: பெயர் தெரியாதவர். மியூசிக்பிரெய்ன்ஸிலும் இதற்கென்றே ஒரு பொது வரி வைத்திருக்கிறார்கள். அந்த வரி அங்கே நின்றால்தான் என்றாவது ஒரு நாள் யாராவது வந்து "இது எங்கள் தாத்தா" என்று சொல்ல இடமிருக்கும். ஆனால் ஊகித்து நிரப்பாதீர்கள். அதே வித்வானின் இன்னொரு கேசட்டில் இன்னார் மிருதங்கம் என்பதால் இதிலும் அவராகத்தான் இருப்பார் என்று எழுதினால், அது நாலு பேர் நகலெடுத்த பிறகு உண்மையாகவே ஆகிவிடும்.

அதனால் மூன்றாவது தாளில் கடைசியாக ஒரு கட்டம் சேருங்கள்: இந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது. உறை, தட்டின் நடுத்தாள், பதிவிலேயே வரும் அறிவிப்பு, அழைப்பிதழ், வீட்டுப் பெரியவர் சொன்னது. திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. நம் வீடுகளில் பதிவு செய்த பல கேசட்டுகள் வானொலியிலிருந்து எடுத்தவைதான். அறிவிப்பாளர் கச்சேரிக்கு முன்னும் பின்னும் ஒரே வரிசையில் சொல்வார்: பாடுபவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். முதலில் வாத்தியம், பிறகு பெயர், யாரையும் விடாமல். ஒரே சீராகக் கிரெடிட் கொடுப்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் குரல்களிடமிருந்துதான். எம்பி3 ஆக்கும்போது பாட்டு மட்டும் போதும் என்று அறிவிப்பை வெட்டி எறிபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். தனிக் கோப்பாகவாவது வையுங்கள்.

எம்பி3 கோப்புக்குள்ளேயே பெயர்களை எழுதி வைக்கும் டேக் விஷயம் சுருக்கமாக. "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" கட்டத்தில் முதன்மைக் கலைஞர் மட்டும். ஒரு பாட்டுக்கு வந்த விருந்தினரை அங்கே எழுதினால் போனில் ஒரு கேசட் மூன்று ஆல்பமாக உடைந்து தெரியும். "ஆர்ட்டிஸ்ட்" கட்டத்தில் அந்தந்தப் பாட்டுக்கு முழு கிரெடிட். யார் என்ன வாசித்தார் என்பதற்கு, எம்பி3 டேக்குகளின் வடிவமான ஐடி3-யின் 2.4 பதிப்பில் வாத்தியத்தையும் பெயரையும் ஜோடி ஜோடியாக எழுதத் தனி இடமே இருக்கிறது, ஆனால் பல பிளேயர்கள் அதைக் காட்டுவதில்லை. அதனால் டேக்கை நம்பி இருக்காதீர்கள், மூலப் பட்டியல் உங்கள் தாள்களில் இருக்கட்டும். பெயர்களைப் பிரிக்கச் சாய்கோடு போடுவதையும் தவிருங்கள். பழைய 2.3 பதிப்பில் சாய்கோடுதான் பிரிப்பான், அதனால் ஏசி/டிசி என்ற ராக் குழுவே இரண்டாக உடைந்துபோன கதை உண்டு.

இருக்கும் பட்டியலைத் திருத்த ஆரம்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நான் அவசரப்பட்டு, "மற்றும்" வரும் இடத்திலெல்லாம் பெயர்களை வெட்டும்படி ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். "இன்னார் மற்றும் குழுவினர்" என்று இருந்ததெல்லாம் உடைந்து, "குழுவினர்" என்ற பெயரில் ஒரு புதுக் கலைஞர் உருவாகி, அவர் கணக்கில் நூற்றுக்கும் மேல் பதிவுகள் சேர்ந்துவிட்டன. எந்தக் குழு எது என்று மறுபடி ஒவ்வொரு உறையாக எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. நகல் எடுத்து வைக்காமல் ஓட்டியதுதான் நான் செய்த தவறு. நீங்கள் முதலில் கலைஞர்கள் தாளை மட்டும் போடுங்கள். ஆறு தவில்காரரை ஒருவர் ஆக்குங்கள். அது ஒரு வார வேலை, கையால்தான் செய்ய வேண்டும். அது முடிந்த பிறகு தலைப்பில் அடைப்புக்குறி உள்ளவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றாகப் பெயரைக் கலைஞர் பக்கம் நகர்த்துங்கள். அடைப்புக்குறிக்குள் ராகப் பெயர் எழுதியிருப்பீர்கள், அதையும் சேர்த்து நகர்த்திவிடாதீர்கள். பக்கவாத்தியங்களைச் சேர்ப்பது கடைசி. அது வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும், அவசரமில்லை.

கேள்வியின் கடைசியில், வீட்டுப் பெரியவர்களுக்கு நடந்த சாந்திக் கல்யாணத்தில் பதிவு செய்த இரண்டு தொண்ணூறு நிமிடக் கேசட் இருப்பதாகவும், மேலே "ஸ்பெஷல் தவில் 2 பேர்" என்று மட்டும் ஊதா மையில் எழுதியிருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதிலிருந்தே ஆரம்பியுங்கள். சாந்திப் பத்திரிகை ஒன்றாவது இரண்டாம் கட்டில் ஏதாவது தகரப் பெட்டியில் இருக்கும், அதில் மேளம் யார் என்று அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் அப்பத்தாவை உட்காரவைத்து அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, பக்கத்தில் "அப்பத்தா சொன்னது" என்று தேதியும் போட்டு வையுங்கள். ஒத்து ஊதியவர் யார் என்றும் கேட்க மறக்காதீர்கள்.